தரங்கம்பாடியைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் தரங்கம்பாடிக்காரர்களையும் காட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் தரங்கம்பாடியில், வழிகாட்டியோடு பழைய ஊரை நடந்தே பார்க்கும் ஒரு ‘ஹெரிடேஜ் வாக்’கில் கலந்துகொண்டேன். நடத்தியவர்கள் யார் என்று எழுதப்போவதில்லை. இது அவர்கள் மேல் மட்டும் சொல்கிற புகார் இல்லை. பூம்புகார் போகிற வழியிலும் வேளாங்கண்ணி போகிற வழியிலும் அங்கே வேனில் வந்து இறங்குகிற கூட்டத்துக்கு இதே கதையை இதே வரிசையில் யாராவது சொல்லிக்கொண்டிருப்பதை முன்பும் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையில் டேனிஷ்காரர்கள் வருகிறார்கள், கோட்டை கட்டுகிறார்கள், தேவாலயம் கட்டுகிறார்கள், கடைசியில் இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுக் கப்பலேறிப் போகிறார்கள். ஊர்க்காரர் ஒருவர் பெயர்கூட அதில் கிடையாது. இத்தனைக்கும் கேட்டுக்கொண்டு நின்ற நாங்கள் எல்லோரும் தமிழர்கள், நடத்தியவரும் தமிழர், நின்றதும் தமிழ்நாட்டு மண்ணில்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரை நடந்துதான் பார்க்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. வேனில் நேராகக் கோட்டை வாசல் வரை போய் இறங்கி, பீரங்கி மேல் பிள்ளையை உட்காரவைத்துப் படம் எடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்களைவிட நாங்கள் நிறையவே பார்த்தோம். 1792இல் கட்டிய நகர வாயிலில் தொடங்கினோம். மேலே டென்மார்க் அரசரின் முத்திரை, கீழே ஊருக்குள் போகிற பைக்கும் ஆட்டோவும். அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால் பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, அது அவர்கள் ஊருக்குள் போகிற வழி. அங்கிருந்து கிங் ஸ்ட்ரீட் வழியாக 1701இல் கட்டிய சீயோன் தேவாலயம், 1718இல் கட்டிய புது எருசலேம் தேவாலயம், கவர்னர் பங்களா, அப்புறம் கடற்கரையில் டேன்ஸ்போர்க் கோட்டை. எல்லாம் ஒரே நேர்கோட்டில், கொஞ்ச தூரத்துக்குள். நடப்பதற்கென்றே அமைந்த ஊர்.

ஆனால் சொன்ன விஷயங்கள்? வழிகாட்டியாக வந்த பையன் நன்றாகப் பேசினான், குரலும் கணீர் என்று இருந்தது, ஆனால் யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறான் என்பது ஐந்தாவது நிமிடமே தெரிந்துவிட்டது. இடையில் ஒருவர் கேள்வி கேட்டால் அவனுக்குக் கோர்வை விட்டுப்போகிறது, மறுபடி மேலிருந்து ஆரம்பிக்கிறான். புது எருசலேம் தேவாலயத்தின் முன் நிறுத்தி, “இந்தியாவிலேயே முதல் அச்சகம் இங்கேதான்” என்றான். கூட்டம் ‘ஓ’ என்றது, செல்போன்கள் மேலே போயின. இது தவறு. இந்தியாவுக்கு அச்சு இயந்திரம் முதலில் வந்தது கோவாவுக்கு, 1556இல். தமிழ் எழுத்திலேயே அச்சான நூல் 1578இல் கொல்லத்தில் வந்துவிட்டது. அச்சகம் நடத்திய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கால் வைத்தது 1706 ஜூலையில், அச்சு இயந்திரம் அவருக்கு வந்து சேர்ந்தது 1712இல். இடையில் நூற்றைம்பது வருடம் இருக்கிறது.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், ‘முதல்’ என்ற அந்தப் பொய் இல்லாமலேயே அந்த அச்சகத்தின் கதை பிரமாதமானது. ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை. அதை வைத்து அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. காகிதமோ கப்பலில் வர வேண்டிய சரக்கு. அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்க்க முடிவு செய்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி எழுத்து வார்த்தார்கள். புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு 1714–15இல் அச்சாகி முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான், இங்கே ‘முதல்’ என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். பக்கத்தில் பொறையாரில் காகித ஆலைகூடப் போட்டுப் பார்த்தார்கள். இதை ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், ஆயுசுக்கும் மறக்காது. ‘இந்தியாவின் முதல் அச்சகம்’ என்று சொன்னால் வேன் ஏறும்போதே மறந்துவிடும்.

கடற்கரையில் அடுத்தது. “உலகத்திலேயே ஓசோன் அதிகமாகக் கிடைக்கும் கடற்கரை இது, ஆழமாக மூச்சை இழுங்கள்” என்றான், நாங்களும் வரிசையாக நின்று இழுத்தோம். இதைப் போகிறவர் வருகிறவர் எல்லோரும் சொல்லிச் சொல்லி, மறுத்துப் பேசினால் நம்மை விசித்திரமாகப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஓசோன் வானத்தில் உயரத்தில் இருக்கிறவரை நமக்குக் குடை. தரைமட்டத்தில் அது நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு, காற்று மாசுப் பட்டியலில் வைத்து அளக்கிறார்கள். கடற்கரையில் மூக்கில் ஏறுகிற அந்த வாசனைக்குப் பெரும்பாலும் காரணம் கடலின் நுண்ணுயிர்களிலிருந்து வருகிற ஒருவகைக் கந்தக வாயு. தரங்கம்பாடிக் காற்று சுகமானதுதான், யார் இல்லை என்றது, அதற்கு எதற்கு விஞ்ஞானச் சாயம்?

சரி, தவறுகளை ஒரு நல்ல புத்தகம் படித்தால் திருத்திக்கொள்ளலாம். விட்டுவிட்டுப் போனவற்றை என்ன செய்வது?

கோட்டை மதிலில் நின்று வடக்கே பார்த்தால் கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் தெரிகிறது. சில நிமிட நடை. எங்கள் குழுவில் ஒரு அம்மா, “அங்கே போகலையா தம்பி?” என்று கேட்டார். “அது நம்ம ரூட்டில் இல்லைங்க மேடம்” என்று பதில் வந்தது. இந்தப் பதிலுக்காகவே இந்தக் கடிதத்தை எழுதத் தோன்றியது என்றுகூடச் சொல்லலாம். அந்தக் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1306ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் கல்வெட்டு ஊரைச் சொல்கிறது. பட்டினம் என்றால் என்ன என்பதை நான் இங்கே வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டேனிஷ் கப்பல் வருவதற்கு முந்நூறு வருடம் முன்பே இது கரையோர வணிகர்கள் புழங்கிய ஊர். யாருமில்லாத மணல் திட்டில் வந்து இறங்கி டேனிஷ்காரர்கள் ஊரை உண்டாக்கினார்கள் என்பது போல ஒரு கதையைச் சொல்லிவிட்டு, அதை மறுக்கிற சாட்சி கண்ணெதிரே நிற்கும்போது ‘ரூட்டில் இல்லை’ என்றால் எப்படி? அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. சில ஆண்டுகளுக்கு முன் திருப்பணி செய்து புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், கரையில் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கடல் இந்த ஊரை எவ்வளவு தின்றிருக்கிறது என்பதை அந்த இடத்தில் நின்றால்தான் புரிந்துகொள்ள முடியும். 1707இல் சீகன்பால்கு கட்டிய முதல் சிறு தேவாலயமும் கடலோடு போனதுதான், அதற்குப் பிறகுதான் கொஞ்சம் உள்ளே தள்ளி 1718இல் இப்போது நாம் பார்க்கிறதைக் கட்டினார்கள். கோயிலையும் தேவாலயத்தையும் ஒரே கதையில் சொல்ல இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்தவர் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர். 1620இல் ஓவே யெட்டே என்ற கப்பற்படைத் தலைவர் வந்து ஒப்பந்தம் செய்துகொண்டார். அதையொட்டி நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானுக்கு அனுப்பிய கடிதம் தங்கத் தகட்டில் தமிழில் பொறித்தது. இன்றைக்கும் கோபன்ஹேகனில் அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. டென்மார்க்கிலிருந்து வருகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. எங்கள் நடையில் தங்கத் தகட்டைப் பற்றிப் பேச்சே இல்லை, யெட்டேயின் பெயர் மட்டும் மூன்று தடவை வந்தது, மூன்று விதமான உச்சரிப்பில்.

அப்புறம் அந்த முப்பது வருடம். இதைச் சொல்லாமல் அந்தக் கோட்டையைக் காட்டவே கூடாது என்பேன். 1639க்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட இங்கே அனுப்பவில்லை. அங்கே போர், கடன், இங்கே வியாபாரம் செய்த டேனிஷ் கம்பெனி திவால். இங்கே இருந்தவர்கள் சிலர் செத்தார்கள், சிலர் போய்விட்டார்கள். கடைசியில் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற ஒற்றை மனிதர்தான் மிஞ்சினார், 1655 முதல் அவர்தான் கோட்டைக்குத் தலைவர். ஒரே ஒரு டேனிஷ்காரர் பதினான்கு வருடம் ஒரு கோட்டையை வைத்திருந்தார் என்றால் யாரை வைத்துக்கொண்டு வைத்திருந்தார்? காவலுக்கு நின்றவர்கள், படகு ஓட்டியவர்கள், கணக்கு எழுதியவர்கள், சோறு போட்டவர்கள் எல்லோரும் இந்தக் கரையின் ஆட்கள்தானே. ஊரைச் சுற்றி மதில் எழும்பியதும் அவர் காலத்தில்தான். 1669இல் ‘ஃபாரோ’ என்ற கப்பல் வந்து சேர்ந்தபோது, கோட்டை இன்னும் நம்முடையதுதானா என்று வந்தவர்களுக்கே சந்தேகம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கோட்டைக்குள் நாங்கள் நின்ற நேரம் முழுக்க “இது சிறை, இது உப்பு அறை, இது சமையலறை” என்று அறை எண்ணித்தான் கேட்டோம். அந்தச் சிறையில்கூட யார் இருந்தார் தெரியுமா, சீகன்பால்கே இருந்தார்! அவரை அனுப்பியது டென்மார்க் அரசர், உள்ளே போட்டது அதே அரசரின் கொடியைப் பறக்கவிட்ட கவர்னர் ஹாசியஸ். நான்கு மாதம்.

சீகன்பால்கைப் பற்றிப் பேசினால் அவருக்குத் தமிழ் எங்கிருந்து வந்தது என்பதையும் பேச வேண்டும். இங்கே திண்ணைப் பள்ளி வாத்தியாரிடம், சின்னப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுதிக் கற்றார். அழகப்பன் என்றொரு துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், போர்ச்சுக்கீஸ் முதலான மொழிகள் தெரிந்தவர், அவருக்கு வாயாகவும் காதாகவும் இருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி 1708இலேயே பட்டியல் போட்டு அனுப்பினார் சீகன்பால்கு. அதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது 1712 முதல் 1714 வரை நடந்த ஒரு கடிதப் போக்குவரத்து. பாதிரியார்கள் கேள்வி கேட்க, இந்த வட்டாரத்துத் தமிழர்கள் பதில் எழுதினார்கள்: சாமி, சாதி, கல்யாணம், மருத்துவம், ‘நீங்கள் ஏன் எங்களை ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள்’ என்பது வரை. பெரும்பகுதி அழகப்பன் எழுதியது என்கிறார்கள். மொத்தம் 99 கடிதங்கள். ஜெர்மன் மொழிபெயர்ப்பில்தான் இன்று அவை படிக்கக் கிடைக்கின்றன. முந்நூறு வருடத்துக்கு முந்தைய நம் ஆட்கள், வெள்ளைக்காரப் பாதிரியாருக்கு முகத்துக்கு நேராகச் சொன்ன பதில்கள்! அதில் இரண்டு கடிதங்களைத் தமிழாக்கி, கிங் ஸ்ட்ரீட்டில் ஒரு மரத்தடியில் நிறுத்தி வாசித்துக் காட்டினால் போதும், அந்த ஊர் அப்படியே எழுந்து வந்து பேசும்.

கடலூர்க்காரர் ஆரோன் 1733இல் இங்கே குருப்பட்டம் பெற்றார், இந்தியாவில் புராட்டஸ்டண்ட் சபையில் குருவான முதல் இந்தியர். தமிழின் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை இங்கே முன்சீப்பாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வேலை பார்த்தவர். இவர்களில் ஒருவர் பெயரும் எங்கள் காதில் விழவில்லை. நெசவாளிகள் இல்லாமல் இந்தத் துறைமுகமே இல்லை. இங்கிருந்து கப்பலேறியதில் பெரும்பங்கு துணி, அது தென்கிழக்காசியா போய் மிளகும் கிராம்புமாகத் திரும்பி வந்தது. துணி மட்டுமா ஏறியது? பஞ்ச காலத்தில் அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் இந்தக் கரையிலிருந்து ஏற்றப்பட்டார்கள். அழகான பங்களாவின் முன் நின்று இதைச் சொல்வது கசப்புதான், சொல்லத்தான் வேண்டும். சுற்றுலா வந்தவர்கள் மனம் கோணுவார்கள் என்று பயப்பட வேண்டாம், நம் ஜனம் அவ்வளவு லேசுப்பட்டது இல்லை.

நடையில் நான் ரசித்தது திட்டத்தில் இல்லாத ஒரு பத்து நிமிடம். கோல்ட்ஸ்மித் தெருவில் திண்ணையும் மரத்தூணுமாக இருந்த ஒரு வீட்டின் முன் எல்லோரும் செல்போனைத் தூக்க, திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி, “யாரைக் கேட்டு எடுக்குறீங்க? தலைகூட வாரலை” என்று ஒரு அதட்டு போட்டார். எங்கள் குழுவில் ஒரு பெண் மன்னிப்புக் கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்ததும், மாயவரத்திலிருந்து வந்த ரயிலைப் பற்றிச் சொன்னார். அந்தப் பாதை 1986இல் நின்றுபோனது. சுனாமி அன்றைக்குத் தண்ணீர் எந்தத் தெரு வரை வந்தது, எந்த வீட்டு மாடியில் யார் யார் ஏறி நின்றார்கள் என்று கீரையைக் கையில் வைத்துக்கொண்டே கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். அதுவரை பின்னால் நின்று அரட்டை அடித்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். வழிகாட்டிப் பையன்தான் பாவம், “நேரமாகுது, வாங்க” என்று தவித்துக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்லவில்லை. அவனுக்கு இத்தனை மணிக்குள் முடித்து வேனில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு.

இப்போது கேட்பது இதுதான். மயிலாடுதுறை தனி மாவட்டமாகி 2020 முதல் நடக்கிறது, மாவட்டத்தின் பெருமை என்று விளம்பரப் பலகைகளில் முதலில் போடுவது இந்தக் கோட்டையைத்தான். மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும், கோட்டையில் அருங்காட்சியகம் நடத்துகிற மாநிலத் தொல்லியல் துறையும் உட்கார்ந்து பேசி, தரங்கம்பாடிக்கென்று தமிழில் ஒரு முறையான நடையை உருவாக்கலாம். சுற்றிக்காட்ட வெளியூரிலிருந்து ஆள் வேண்டாம். பொறையார் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள், மீனவர் தெருப் பிள்ளைகள், மசூதித் தெருப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வரலாறு தெரிந்தவர்களை வைத்து அவர்களுக்குச் சில வாரம் பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து, அடையாள அட்டை கொடுங்கள். நடைக்கு வசூலாகும் பணத்தில் அவர்களுக்கு நியாயமான கூலி போக வேண்டும், ‘டிப்ஸ் கிடைக்கும் பார்’ என்று கைவிடக் கூடாது. சரிபார்த்த தகவல்களோடு தமிழில் ஒரு சின்னக் கையேடு, அதில் ஓசோன் வேண்டாம், தங்கத் தகடு இருக்கட்டும்.

வேறு யாரும் நடத்தக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தனியார் நடத்தட்டும், டென்மார்க்கிலிருந்து வருகிறவர்களுக்கு அவர்களுக்குப் பிடித்த மாதிரிச் சொல்லட்டும், அவர்கள் தேசிய அருங்காட்சியகம் இங்கே பழுதுபார்ப்புக்கு உதவியதையும் மறக்க வேண்டாம். ஆனால் கோட்டையை மட்டும் காட்டிவிட்டு, ‘தரங்கம்பாடியைப் பார்த்தாச்சு’ என்று அனுப்புகிற வேலைக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பதில் ஏதாவது நிபந்தனை இருக்க வேண்டும். ஒரு குழுவில் எத்தனை பேர் என்று வரம்பு வையுங்கள். நாற்பது பேர் மைக்கும் ஸ்பீக்கருமாகக் குறுகிய தெருவில் நுழைந்தால் அங்கே குடியிருக்கிறவர்களுக்கு அது தினசரித் தொந்தரவு. வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது, கேட்காமல் திண்ணையில் ஏறுவது, இதையெல்லாம் தொடக்கத்திலேயே சொல்லித் தடுக்க வேண்டும். கழிப்பறை, குடிதண்ணீர், நிழல் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

பாதையையும் திருப்பிப் போடலாம். நாங்கள் பத்து மணிக்குத் தொடங்கிக் கோட்டைக்குப் போய்ச் சேரும்போது மண்டை பிளக்கிற வெயில். காலை ஆறரைக்குக் கோயிலில் தொடங்குங்கள், 1306இலிருந்து கதை ஆரம்பிக்கட்டும். அங்கிருந்து படகுகள் கரையேறுகிற நேரத்தில் மீனவர் பகுதி, பிறகு மசூதித் தெரு, கோல்ட்ஸ்மித் தெரு, தேவாலயங்கள், நகர வாயில் வரை போய்த் திரும்பினால், கடைசியாகக் கோட்டைக்கு வரும்போது அருங்காட்சியகம் திறக்கிற நேரமும் ஏறக்குறைய சரியாக வரும். 1845இல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு, வங்காளத்தில் அவர்களிடம் இருந்த செராம்பூரோடு சேர்த்து இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்ற கதையை அங்கே உள்ளே நிழலில் உட்கார்ந்து சொல்லலாம். அதற்குப் பிறகு 1860 வரை தஞ்சாவூர் மாவட்டத்துக்கே இது தலைமையிடமாக இருந்ததையும், அப்புறம் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்து வியாபாரம் அந்தப் பக்கம் போய்விட்டதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த ஊர் ஏன் இப்படி அமைதியாகக் கிடக்கிறது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். அந்தக் கேள்வியை எங்கள் குழுவில் ஒரு சிறுவன் கேட்டான். “அதெல்லாம் அப்படித்தான் தம்பி” என்று பதில் சொன்னார்கள்.

தொடர்புடைய அதிகாரிகள் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தால், அடுத்த சீசன் தொடங்குவதற்குள் பயிற்சிக்கான அறிவிப்பையாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.